செடியைக் கண்டு வரைந்தவர்கள்

சித்தன்னவாசல் அறிவர் கோயிலுக்கு ஒருமுறையேனும் சென்று வராத நம்மவர் குடும்பங்கள் குறைவு. குகைக்குள் நுழைந்தவுடன் அனைவரும் அண்ணாந்து பார்ப்பது விதானத்துத் தாமரைத் தடாகத்தைத்தான். மொட்டாக நிற்கும் தாமரை, பாதி இதழ் விரித்த தாமரை, முழுதும் அலர்ந்த தாமரை, இவற்றிடையே மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள், மலர் கொய்யும் மூவர் எனக் காட்சி விரிகின்றது. சமவசரணத்தின் காதிகா பூமியையும் அங்குப் பூக்கொய்யும் பவ்வியர்களையும் அது குறிப்பதாக அறிஞர் விளக்குவர். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது.

அந்தத் தாமரைகளை வரைந்தவர் குளக்கரையில் நின்று தாமரையை நன்கு பார்த்தவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அதனைத் தாவரவியல் ஓவியம் என்று கூறுதல் பொருந்தாது. அங்கே தாமரை ஒரு புனிதக் காட்சியின் உறுப்பு. அதைக் காண்பவர் அது தாமரை என்பதை முன்னரே அறிவார். இதுவரை கண்டிராத ஒரு செடியை, கண்டிராத ஒருவர், படத்தை மட்டும் கையிற்கொண்டு காட்டில் தேடி, 'இதுவே அது' எனத் துணிய வேண்டுமாயின், அதற்கு வேண்டிய ஓவியம் வேறு வகையினது. அவ்வகை ஓவியம் எவ்வாறு தோன்றி வளர்ந்தது, அதில் நம் நாட்டு ஓவியர் இருவர் செய்த பணி யாது என்பதை இவ்விதழில் காண்போம்.

இவ்வகை ஓவியம் மருத்துவத்தின் தேவையால் பிறந்தது. மருந்துச் செடியைப் பிழையாக அறிந்தால் நோயாளியின் உயிருக்கே கேடு. ஆகவே கிரேக்க மருத்துவருள் சிலர், கி.மு. முதல் நூற்றாண்டினரான கிராட்டியூவாஸ் போன்றோர், செடியைச் சொல்லால் விவரிப்பதோடு நில்லாமல் படமாகவும் வரைந்து வைத்தனர். ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த பிளினி என்னும் ஆசிரியர் இம்முயற்சியைப் பற்றி எழுதும்போது இரண்டு குறைகளை எடுத்துக்காட்டினார். படியெடுப்போர் கைமாறக் கைமாற உருவம் சிதைந்துவிடுகின்றது என்பது ஒன்று. செடியோ பருவத்திற்குப் பருவம் தோற்றம் மாறுவது, ஒரே ஒரு படத்தால் அதனை எப்படிக் காட்ட இயலும் என்பது மற்றொன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடியதே இக்கலையின் வரலாறு என்று கூறினும் மிகையாகாது.

இரண்டாவது வினாவின் அருமையைச் சிறுவர் வகுப்பொன்றில் நாமே கண்டோம். விடுமுறை நாளில் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் மரத்தடியில் வீழ்ந்து கிடந்த பூவரசம் பூக்களைப் பொறுக்கி வந்து வரையச் சொன்னோம். பறிக்கக் கூடாது, வீழ்ந்ததை மட்டுமே எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு பெண் பூவைச் செந்நிறமாகத் தீட்டினாள். அவள் தம்பி, பூவரசம் பூ மஞ்சள்தானே என்று வாதிட்டு மஞ்சளைப் பூசினான். இருவர் சொன்னதும் மெய். காலையில் மரத்தில் மஞ்சளாக விரியும் அம்மலர், வாடி வீழும்போது சிவந்துவிடும். சிறுவன் தன் நினைவிலிருந்ததை வரைந்தான், சிறுமி தன் கையிலிருந்ததை வரைந்தாள். எந்த நேரத்துப் பூ என்று படத்தின் அடியில் எழுதினால் வழக்குத் தீர்ந்துவிடும் என்று முடிவு செய்தோம். மற்றொரு பிள்ளையோ ஆறு இதழ் வரைந்திருந்தாள். கோலத்தில் ஆறிதழ்ப் பூப் போட்டுப் பழகிய கை அது. பூவைத் திருப்பி இதழ்களை எண்ணச் சொன்னபோது ஐந்தே இருப்பது கண்டு அவளுக்கே வியப்பு. நம் கண் பார்ப்பதற்கு முன் நம் கைப்பழக்கம் வரைந்துவிடுகின்றது. பிளினி குறித்த முதற் குறையும் இதனோடு உறவுடையதே.

பழைய செடி ஓவியங்களுள் இன்றும் எஞ்சியிருப்பவற்றுள் புகழ்பெற்றது, கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் ஏறத்தாழ கி.பி. 512இல் அனிசியா ஜூலியானா என்னும் அரசகுலப் பெண்மணிக்காக எழுதப்பட்ட டயாஸ்கோரிடீஸ் மருத்துவ ஏடு. அது இப்போது வியன்னா நகரிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் உள்ளது. அதன் படங்களுட் பல, உயிருள்ள செடியை நேரிற் கண்டவரின் கைவண்ணம் என்று தோன்றுமளவு தெளிவுடையவை. அதன் பின்னர் ஐரோப்பாவில் நெடுங்காலம் படத்தைப் பார்த்துப் படம் எழுதும் வழக்கமே மிகுந்திருந்தது. ஒவ்வொரு படியிலும் இலையின் வெட்டுகள் மழுங்கின, கிளைகள் இருபுறமும் ஒத்த அணியாயின. இறுதியில் எந்தச் செடி என்று பெயரைப் படித்தால்தான் அறிய முடியும் என்னும் நிலை வந்தது.

அந்நிலையை மாற்றியவர்கள் 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர். 1530இல் புரூன்ஃபெல்ஸ் வெளியிட்ட நூலுக்கு ஹான்ஸ் வைடிட்ஸ் என்பவர் செடிகளை நேரிற் பார்த்து வரைந்தார். பூச்சியரித்த இலையை அரித்தவாறே, வாடிய தண்டை வாடியவாறே வரைந்தார் அவர். அது மெய்தான். ஆனால் அது அந்த ஒரு செடியின் மெய், அவ்வினம் முழுமைக்கும் உரியதன்று. 1542இல் ஃபூக்ஸ் என்னும் மருத்துவப் பேராசிரியர் ஐந்நூறுக்கு மேற்பட்ட செடிகளின் படங்களோடு ஒரு பெருநூலை வெளியிட்டார். அவர் வேறு வழி கொண்டார். பூவும் காயும் வெவ்வேறு காலத்தில் தோன்றினும் ஒரே படத்தில் இரண்டையும் காட்டச் செய்தார். அவ்வாறு ஒருசேரத் தோன்றும் செடியை எவரும் தோட்டத்தில் காணவியலாது. ஆயினும் தேடுபவருக்கு அப்படமே உதவியது. இவ்விரண்டு வழிகளில் எது மெய்யானது என்று கேட்டால், எந்த நோக்கில் நின்று கேட்கின்றீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். நோக்கு மாற மெய்யின் வெவ்வேறு பக்கம் தோன்றும் என்பது நம்மவர்க்குப் புதிதன்று.

ஃபூக்ஸின் நூலில் மற்றொரு சிறப்பும் உண்டு. செடியைப் பார்த்து வரைந்த ஆல்பிரெக்ட் மேயர், அதனை மரக்கட்டைக்கு மாற்றியெழுதிய ஹைன்ரிக் ஃபுல்மவுரர், கட்டையைச் செதுக்கிய வைட் ஸ்பெக்கிள் ஆகிய மூவரின் உருவங்களும் பெயரோடு அந்நூலிலேயே அச்சிடப்பட்டுள்ளன. வரைந்தவர்க்கு அளித்த அந்த மதிப்பினைப் பின்னர் வந்த பெருநூல்கள் பலவற்றில் நாம் காண்பதில்லை. இதனை நினைவில் வைத்துக்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம்.

ஐரோப்பியக் கப்பல்கள் மிளகுக்காக மலையாளக் கரைக்கு வந்தபோது, அங்குள்ள செடிகளின் மருத்துவப் பயனும் அவர்களை ஈர்த்தது. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆளுநராயிருந்த ஹென்ரிக் வான் ரீட் என்பவர் 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்னும் நூலைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த அந்நூல் 742 தாவரங்களை விவரிக்கின்றது. படங்கள் செப்புத்தகட்டில் செதுக்கப்பட்டவை. செடியின் பெயர் மலையாள எழுத்திலும் அரபு எழுத்திலும் படங்களிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. செடிகளை அடையாளங்காட்டி அவற்றின் குணங்களைக் கூறியவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவர். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்னும் கொங்கணி அறிஞர் மூவரும் உதவினர். இவர்களின் சான்றுரைகள் முதல் தொகுதியில் அச்சாகியுள்ளன. அச்சுதனின் உரை 1675இல் கோலெழுத்தில் எழுதப்பட்டது.

1753இல் லின்னேயஸ் உலகத் தாவரங்களுக்கெல்லாம் இருசொற் பெயர் சூட்டியபோது, மலையாளக் கரைச் செடிகள் பலவற்றுக்கு அவருக்குக் கிடைத்த சான்று இந்நூலின் படங்களே. அவர் இந்தியாவுக்கு வந்தவரல்லர். ஒரு பெயர் எந்தச் செடிக்குரியது என்னும் ஐயம் பின்னாளில் எழும்போது, உலர்ந்த செடி கிடைக்காத இடங்களில், இப்படங்களையே மூலச்சான்றாகக் கொள்கின்றனர். ஓர் ஓவியன் இலையின் நரம்பைத் தவறாக இழுத்திருந்தால், அத்தவறு ஒரு பெயரையே நிலைகுலையச் செய்திருக்கும்.

இனிக் கிழக்குக் கடற்கரை. தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷன் மருத்துவராக 1768இல் வந்து சேர்ந்த கோனிக், லின்னேயஸின் மாணவர். அவர் மூட்டிய ஆர்வம் சென்னையிலிருந்த கம்பெனி மருத்துவர்களிடமும் பரவியது. அவர்களுள் ராக்ஸ்பர்க், ஆந்திரக் கரையிலுள்ள சாமல்கோட்டையில் இருந்தபோதே உள்ளூர் ஓவியரை அமர்த்திச் செடிகளை வரையச் செய்தார். அவற்றிலிருந்து தெரிந்தெடுத்த முந்நூறு படங்கள் 1795 முதல் 1820 வரை இலண்டனில் 'சோழமண்டலக் கரைத் தாவரங்கள்' என்னும் பொருள்படும் நூலாக வெளிவந்தன. நூல் ராக்ஸ்பர்க் பெயரால் வழங்குகின்றது. வரைந்தவர் பெயரை அதில் தேடிப் பயனில்லை. தஞ்சையிலும் சரபோஜி மன்னர் காலத்தில் பறவை, விலங்கு, செடி ஆகியவற்றை நேரிற் கண்டு வரையும் வழக்கம் இருந்தது.

இப்பின்னணியில்தான் ராபர்ட் வைட்டும் ரங்கையாவும் வருகின்றனர். வைட் 1796இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1819இல் கம்பெனிப் படையின் மருத்துவராக இந்தியா வந்தார். 1826இல் சென்னை அரசின் இயற்கை ஆய்வாளர் பதவி அவருக்குக் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் அப்பதவியே எடுக்கப்பட்டுவிட, மீண்டும் படைமருத்துவராக நாகப்பட்டினம் சென்றார். பதவி போயிற்று, ஓவியர் போகவில்லை. ரங்கையாவை அவர் தம்முடன் வைத்துக்கொண்டார். ரங்கையா வரைந்த படங்களைக் கிளாஸ்கோவிலிருந்த பேராசிரியர் ஹூக்கருக்கு அனுப்பினார். ஹூக்கர் அவற்றுட் சிலவற்றைத் தம் இதழில் வெளியிட்டார். நாகப்பட்டினத்துக் கடற்காற்றில் வரைந்த தாள், பல மாதக் கப்பற் பயணத்துக்குப் பின் ஸ்காட்லாந்தில் அச்சேறியதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரங்கையா யார்? தஞ்சை ஓவிய மரபோடு தொடர்புடைய, தெலுங்கு பேசும் ராஜு வகுப்பைச் சேர்ந்தவராய் இருக்கலாம் என்று ஆய்ந்தவர் கருதுவர். அது மெய்யாயின், அவர் கைக்கு எத்தகைய மாற்றம் தேவைப்பட்டிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். தஞ்சை ஓவியத்தில் பொன்தகடும் மணிகளும் உண்டு, இருபுறமும் ஒத்த அமைப்பு உண்டு, தெய்வத்தின் உருவம் இலக்கணத்தால் முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கும். செடிக்கு அத்தகைய முன்வரையறை இல்லை. ஒவ்வொரு நாளும் மேசைமேல் வந்து விழுவது புதிது. நாம் மேலே கூறிய ஆறிதழ்க் கோலத்தின் கதையை நினைவுகூர்க. கைப்பழக்கத்தை அடக்கிக் கண்ணை முன்னே விடும் அப்பயிற்சியை ரங்கையா ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செய்தார்.

அத்தகைய ஒரு படத்தைப் படிக்கும் முறையை நம் மாணவர்க்காகச் சற்று விளக்குவோம். தாளின் நடுவில் பூவும் இலையுமுடைய ஒரு கிளை, கூடிய வரையில் இயற்கை அளவில் இருக்கும். இலையின் மேற்புறமும், ஓரிலையேனும் திரும்பிய நிலையில் அடிப்புறமும் காட்டப்பெறும். ஏனெனில் அடிப்புறத்து மயிரும் நரம்புமே சில இனங்களைப் பிரித்தறிய உதவுவன. தாளின் அடியில் எண்ணிட்ட சிறு உருவங்கள் வரிசையாக நிற்கும். விரியாத மொட்டு, பிளந்து விரித்த பூ, மகரந்தத்தாள், சூலகம், அதன் குறுக்குவெட்டு, விதை, விதைக்குள்ளிருக்கும் கரு ஆகியன அவை. இவற்றுட் பல, நுண்ணோக்கியில் பெருக்கிக் கண்டு வரைந்தவை. மேலேயுள்ள கிளை அழகுக்காக நம் கண்ணை ஈர்க்கும். அறிஞர் முதலில் பார்ப்பதோ அடியிலுள்ள சிறு உருவங்களையே. சூலகத்தில் அறைகள் எத்தனை, சூல்கள் எங்கே ஒட்டியுள்ளன என்பதைக் கொண்டே குடும்பமும் பேரினமும் துணியப்படுகின்றன.

உலர்த்திய செடி இருக்கப் படம் எதற்கு என்று கேட்கலாம். உலர்ந்தால் நிறம் போகும், சாறுள்ள தண்டு சுருங்கும், ஆர்க்கிட் மலரின் உதடுபோன்ற இதழ் நசுங்கி வடிவிழக்கும். ஒளிப்படம் வந்த பின்னும் இத்தேவை மறையவில்லை. ஒளிப்படக் கருவி தன் முன்னிருக்கும் ஒரு செடியை மட்டுமே காட்டும், நிழலில் மறைந்ததைக் காட்டாது. ஓவியரோ பத்துச் செடிகளைப் பார்த்து, பொதுவானதை நிறுத்தி, தற்செயலானதை நீக்கி வரைகின்றார். இங்கிலாந்தில் 1787இல் தொடங்கிய கர்ட்டிஸின் தாவரவியல் இதழ் இன்றும் கையால் வரைந்த ஓவியங்களோடுதான் வெளிவருகின்றது.

இங்கே நம் வாசகர் உள்ளத்தில் எழக்கூடிய ஒரு கேள்வியை விலக்கிச் செல்ல நாம் விரும்பவில்லை. பூவைப் பிளக்காமல் அந்தச் சிறு உருவங்களை வரைய இயலாது. வேரைக் காட்ட வேண்டின் செடியையே பிடுங்க வேண்டும். செடிகொடிகளை ஓரறிவுயிர் என்று நம் முன்னோர் வகுத்தனர். மரத்துக்கும் உயிருண்டு என்பதை நீலகேசி வாதிட்டு நிறுவுகின்றது. கிழங்கை உண்ணாதோர் அதன் காரணத்தைக் குழந்தைப் பருவத்திலேயே கேட்டு வளர்கின்றனர். அப்படியிருக்க, வைட் திரட்டிய உலர்செடிக் கட்டுகளை நாம் எவ்வாறு மகிழ்ந்து பாராட்டுவது? சித்தன்னவாசல் விதானத்திலும் மலர் கொய்யப்படுகின்றதே என்பது முழுமையான விடையாகாது. ஒரு நல்ல படம் இருந்தால் அடுத்து வருபவர் அச்செடியை மீண்டும் அறுத்துப் பார்க்கும் தேவை குறைகின்றது என்று கூறலாம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. எனினும் வரைந்தவரின் நோக்கம் அதுவாக இருந்தது என்று நாம் கூறினால் அது மிகை. நம் பிள்ளைகளுக்கு வீழ்ந்த பூவே போதும் என்பதே நாம் கொண்ட முடிவு. ஆயின் வீழ்ந்த பூவைக் கொண்டு மட்டும் தென்னாட்டுத் தாவரங்களின் பட்டியல் எழுதப்பட்டிருக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வைட் 1831இல் விடுப்பில் தாய்நாடு சென்றார். அங்கு வாக்கர் ஆர்னட் என்பவரோடு சேர்ந்து எழுதிய தென்னிந்தியத் தாவர நூலின் முதற்பகுதி 1834இல் வெளிவந்தது. அதில் படங்கள் இல்லை. படமில்லாத விவரணையை வைத்துக்கொண்டு இந்தியாவில் இருப்போர் செடியை இனங்காணுவது கடினம் என்பதை உணர்ந்தவராதலின், திரும்பி வந்தபின் படநூல்களில் முனைந்தார். இலண்டனில் செப்புத்தகடு செதுக்கி அச்சிடப் பெரும்பொருள் வேண்டும். ஆகவே அவர் கல்லச்சு முறையைத் தாமே பயின்று, சென்னையிலேயே படங்களை அச்சிடலானார்.

கல்லச்சின் அடிப்படை, எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று சேரா என்பதே. வழுவழுப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புக் கலந்த மையால் படத்தை எழுதுவர். கல்லை நனைத்தால் எழுதாத இடம் நீரை ஏற்கும். பின் அச்சுமையை உருட்டினால் அது எழுதிய கோட்டில் மட்டும் பற்றும். தாளை வைத்து அழுத்தினால் படம் வலமிடம் மாறிப் பதியும். தென்னாட்டு வெப்பத்தில் கொழுப்பு மை இளகுவதும், கல் விரைந்து உலர்வதும் எத்துணைத் தொல்லை தந்திருக்கும் என்பதைப் பழைய அச்சகங்களில் பணிபுரிந்தோர் எளிதில் உணர்வர்.

இவ்வாறு 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்ததே 'ஐகோன்ஸ் பிளாண்டாரம் இண்டியே ஓரியண்டாலிஸ்' என்னும் பெருநூல். அதிலுள்ள படங்கள் 2,101. வண்ணம் தீட்டினால் விலை ஏறிவிடும் என்பதால் அவை கோட்டோவியங்களாகவே நின்றன. அதே காலத்தில் வெளிவந்த வேறு இரண்டு நூல்களில் மட்டும் வண்ணப்படங்கள் அமைந்தன. அவற்றுள் ஒன்று நீலகிரித் தாவரங்கள் பற்றியது. இவற்றையெல்லாம் வைட் தம் அலுவலுக்கிடையே செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 1842 முதல் அவர் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் அரசுப் பண்ணைகளுக்குப் பொறுப்பேற்றிருந்தார். பருத்திச் சோதனை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஓய்வுநேரத்துப் பணி என அதிகாரிகள் கருதியிருக்கக்கூடிய செடிப்படங்களே இன்று அவர் பெயரை நிறுத்துகின்றன.

1845ஐ ஒட்டி ரங்கையாவின் கைவண்ணம் நின்று, கோவிந்துவின் படங்கள் தொடங்குகின்றன. இருவரையும் ஒப்பிட்டால், ரங்கையாவின் கிளைகளில் தாள் முழுதும் நிறைக்கும் ஒரு பொலிவு உண்டு என்றும், கோவிந்துவின் திறம் பூவைப் பிரித்துக் காட்டும் சிறு உருவங்களில் ஓங்கி நிற்கின்றது என்றும் நமக்குத் தோன்றுகின்றது. வைட்டும் அவ்வாறே கருதினார் போலும். உறுப்புகளைப் பகுத்து வரைவதில் கோவிந்துவுக்கு நிகரானவர் அவர் நாட்டவருள் இல்லை என்னும் கருத்துப்பட எழுதி, தாம் புதிதாகக் கண்ட ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு 1853இல் 'கோவிந்தூயியா' என்று பெயர் சூட்டினார். ஆளுநர்களுக்கும் பிரபுக்களுக்கும் செடிப் பெயர்கள் வழங்கப்பட்ட அக்காலத்தில், சம்பளத்துக்கு வரைந்த ஓர் இந்திய ஓவியரின் பெயரால் ஒரு பேரினம் அமைந்தது மிக அரிய நிகழ்ச்சி. அவ்வாண்டிலேயே வைட் ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பினார். கோவிந்து அதன் பின்னும் வரைந்தார். காட்டுத்துறை அதிகாரியான பெட்டோம் 1860களில் வெளியிட்ட தென்னிந்தியப் பெரணிகள் பற்றிய நூலில் அவர் கைவண்ணத்தைக் காணலாம்.

இருவரின் உருவப்படமும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் வரைந்த மூல ஓவியங்கள் பல எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தில் உள்ளன. அங்குப் பணிபுரிந்த ஹென்றி நோல்டி என்னும் அறிஞர் அவற்றை நெடுங்காலம் ஆராய்ந்து, 2007இல் வைட்டின் வரலாற்றோடு ரங்கையா, கோவிந்து இருவரின் ஓவியங்களையும் நூலாக வெளியிட்டார். அந்நூலின் தலைப்பிலேயே இருவர் பெயரும் இடம்பெற்றுள்ளன.

கோவிந்தூயியா என்னும் பேரினப் பெயர் நிலைக்கவில்லை. அச்செடி அதற்கு முன்னரே பெயர் பெற்றிருந்த டிராப்பிடியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது என்று பின்னாளில் கண்டனர். தாவரப் பெயரீட்டு விதிப்படி முன்னர்ச் சூட்டிய பெயரே நிற்கும். ஆகவே இப்போது அது மாற்றுப்பெயர்ப் பட்டியலில்தான் காணப்படுகின்றது. ஐகோன்ஸ் நூலை நூலகத்தில் பார்க்க வாய்ப்புப் பெறுவோர், படத்தின் அடியில், சட்டத்துக்கு வெளியே, மிகச் சிறிய எழுத்தில் வரைந்தவர் பெயர் இருப்பதைக் கவனிக்கலாம். முந்திய தொகுதிகளில் அது ரங்கையா என்றும், பிந்தியவற்றில் கோவிந்து என்றும் இருக்கும்.